மதாம் ஜெர்மேன் அடுப்பில் காய்ச்சிய பால்

இந்த ஊரில் நன்றி சொன்னால், கொடுக்க வந்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கேட்பதற்கு விளையாட்டுப் போலத் தோன்றும். எனக்கு அது விளங்க ஒரு பனிக்காலம் முழுவதும் ஆயிற்று. பிரெஞ்சில் 'மெர்சி' என்றால் நன்றி என்பதை மொன்ட்ரியாலில் இறங்கிய அன்றே எல்லோரும் கற்றுக்கொள்கிறோம். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பஸ்ஸிலும் கடையிலும் தபால் ஆபீசிலும் வருடக்கணக்கில் காலம் தள்ளிவிடலாம். நான் தள்ளினேன். எனக்குப் பேச்சு வராது, தமிழிலேயே வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதுவரைக்கும்கூட வாத்தியார் பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன் ஐயா' என்று பக்கத்தில் இருக்கிறவன்தான் எனக்காகச் சொல்வான். அப்படிப்பட்ட ஆளுக்கு, மரியாதையையும் பேச்சையும் ஒன்றாக முடித்து வைக்கிற ஒரு சொல் கிடைத்தால் விடுவானா?

ஜான்-டலோன் சந்தையை ஒட்டி ஓர் இத்தாலிக்காரரின் காய்கறிக் கடையில் எனக்கு வேலை. பெட்டி இறக்குவது, கீரை அலசுவது, அழுகியதைப் பொறுக்கி எறிவது. சனிக்கிழமை காலைகளில் லூசியன் என்ற பெரிய உருவம் ஒரு வேனோடு வரும். வடக்கே மலைப்பக்கத்துக் கிராமம் ஒன்றில் அவருக்கு ஓர் ஓபேர்ஜ் இருந்தது. கீழே சாப்பாட்டுக் கூடம், அதை ஒட்டி பீர் குடிக்கிற கூடம், மேலே தங்குவதற்கு நாலைந்து அறை, எல்லாம் ஒரே பழைய மரவீட்டில். அதற்கு நம்மிடம் சரியான சொல் இல்லை. சத்திரம் என்றால் குடிக்கிற கூடம் இராது. லாட்ஜ் என்றால் வீட்டுக்காரியே சமைத்துப் பரிமாறமாட்டாள். சுப்பையா என்ற என் பெயரை லூசியன் முதல் நாளே தன் வசதிக்கு வெட்டிக்கொண்டார். "போன்ஜூர், மொசியோ சூப்" என்பார், வணக்கம், சூப் ஐயா என்று. முட்டைக்கோசும் காரட்டும் நான் தூக்கி வேனில் வைத்தால், தோளில் ஒரு தட்டுத் தட்டுவார்.

என் மனைவி செண்பகம் ஊரிலிருந்து வந்து சேர்ந்த செய்தி அவர் காதுக்குப் போனதிலிருந்து, ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரே கேள்வி. மதாமைக் கூட்டிக்கொண்டு என் ஓபேர்ஜுக்கு வா, சாப்பிடு, ஓர் இரவு தங்கு, என் விருந்து. நான் தலையைக் குனிந்து, "மெர்சி" என்பேன். சரி, வருகிறேன், மிகவும் சந்தோஷம் என்று அதற்குள் எல்லாம் அடக்கம். எந்த நாள் என்று அவரே சொல்லட்டும் எனக் காத்திருப்பேன். அவர் ஒரு நொடி என் முகத்தைப் பார்ப்பார், தோளைக் குலுக்குவார், வேனில் ஏறிப் போய்விடுவார். அடுத்த வாரம் திரும்பவும் கேட்பார். திரும்பவும் மெர்சி. பங்குனி வாக்கில் ஒருநாள் என் முதலாளி தக்காளியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"சூப், அந்த மனுஷன் மேல உனக்கு என்ன கோபம்?"

"கோபம் இல்லையே."

"வாராவாரம் கூப்பிடுறார். வாராவாரம் முகத்துல அடிச்ச மாதிரி மாட்டேன்னு சொல்றே."

"நான் எங்க சொன்னேன்? நன்றின்னுதானே சொன்னேன்."

முதலாளி தக்காளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். ஒருவர் ஒன்றை நீட்டும்போது வெறும் மெர்சி என்றால் 'வேண்டாம், நன்றி' என்று அர்த்தமாம். வேண்டும் என்றால் முதலில் 'உய்' சொல்ல வேண்டும், ஆமாம் என்று. அதற்குப் பிறகுதான் மெர்சி. ஆமாம் என்பதை உரக்கச் சொல்லித்தான் ஆக வேண்டும். மறைத்து வைத்துக்கொண்டு மரியாதை மட்டும் காட்ட முடியாது. வந்த சனிக்கிழமை லூசியன் வேனின் கதவைத் திறப்பதற்கு முன்பே நான் போய் நின்று, "உய், உய், மெர்சி" என்றேன். அவர் இன்னும் கேட்கவே இல்லை. ஆனாலும் புரிந்துகொண்டார்.

இந்த விருந்தில் எனக்கு ஏன் இத்தனை அவசரம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அறுபத்தேழில் இங்கே உலகக் கண்காட்சி நடந்தபோது, அங்கே நம் சாப்பாடு போடுவதற்குச் சென்னையிலிருந்து சமையல்கட்டு ஆட்களை அனுப்பினார்கள். காய் நறுக்க, மாவு பிசைய. நான் அதில் ஒருவன். கண்காட்சி முடிந்து மற்றவர்கள் திரும்பிவிட்டார்கள். வந்தவர்கள் இங்கே இருந்தபடியே குடியேற மனுப் போடலாம் என்று அப்போது இருந்தது. ஒரு தமிழ் டாக்டர் எழுதிக் கொடுத்தார், நான் கையெழுத்துப் போட்டேன். அந்த நாளில் இங்கே இருந்த தமிழர்கள் டாக்டர்களும் பேராசிரியர்களும்தான். தீபாவளிக்கு மறக்காமல் கூப்பிடுவார்கள். போவேன், ஓரமாக உட்கார்ந்து சாப்பிடுவேன், வருவேன். அவர்கள் யாரும் என்னைக் குறைவாக நடத்தியதில்லை. எனக்குத்தான் அவர்களோடு பேச எதுவும் இருந்ததில்லை.

செண்பகம் விருதுநகரில் இருந்தாள். மகளைப் படிக்க வைத்து ஒருவன் கையில் பிடித்துக் கொடுக்கிறவரை நகர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அது நியாயம்தான். கல்யாணத்துக்கு நான் போய் வந்தேன். அடுத்த இலையுதிர் காலத்தில் அவள் விமானம் ஏறினாள். வரும்போதே போகிற டிக்கெட்டும் கையில் இருந்தது, ஒரு வருடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம் என்பது போல. "பாத்துட்டு வரேன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றாள். அந்த டிக்கெட்டைப் பட்டுப்புடவை மடிப்பில் வைத்து அலமாரியில் அடுக்கினாள். ஒளித்து வைக்கவில்லை, என் கண் முன்னாலேயேதான்.

அவள் வருகிறாள் என்று புதுப் பாத்திரம் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. அதுவரை நான் அங்கே தனியாள். பால் காய்ச்சிக் குடிபோகவேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. படுத்து எழுந்திருக்கிற இடம் என்றுதான் நினைத்திருந்தேன். வந்த மறுநாள் காலை பாத்திரத்தையும் பாலையும் எடுத்து வைத்தேன். செண்பகம் அதைப் பார்த்தாள்.

"குடி வரவங்கதான் பால் காய்ச்சணும். நான் விருந்தாளி. விருந்தாளி வந்து பால் பொங்க விடுவாங்களா?"

பாத்திரத்தைக் காகிதத்தில் திரும்பச் சுற்றி மேல்தட்டில் வைத்துவிட்டாள். காப்பிக்குத் தினமும் பழைய பாத்திரத்தில் பால் காயும். ஆனால் பால் ஏறும்போது விளிம்பைத் தொடுவதற்கு முன்பே இறக்கிவிடுவாள். பிறகு பனிக்காலம் வந்தது. இந்த ஊர் வீடுகளுக்கு மாடிப்படி வெளியே இருக்கும், இரும்புப் படி, பாம்பு போல வளைந்து தெருவுக்கு இறங்கும். அதன் மேல் பனி உறைந்து கண்ணாடியாகிவிட்டால் என் கையைப் பிடிக்காமல் அவள் இறங்கமாட்டாள். நான் வேலைக்குப் போய்விடுவேன். ஆக, மார்கழியும் தையும் மாசியும் அவள் பார்த்த கனடா எங்கள் ஜன்னல் அளவுதான். வைகாசியில் மகள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஒருநாள் சாதாரணமாகச் சொன்னாள். நான் "ம்" என்றேன். 'இருந்துவிடு' என்று சொல்ல எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்தது. அந்தச் சொல் எனக்கு எந்த மொழியிலும் வரவில்லை.

அதனால்தான் லூசியனின் விருந்து. ஜன்னலைத் தாண்டி ஒரு கனடா இருக்கிறது, அதை ஒருமுறை காட்டிவிடலாம் என்று நினைத்தேன். காட்டினால் போதும், மீதியை அது பார்த்துக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை. சாப்பாட்டு விஷயத்தில் ஒரே ஓர் எச்சரிக்கை மட்டும் லூசியனிடம் சொன்னேன். எங்களுக்குக் கோழி பழக்கம் உண்டு, மாடு கூடாது. "புலே, உய். வாஷ், நோன்" என்றேன். கோழி, ஆமாம், மாடு, இல்லை. லூசியன் நெஞ்சில் கை வைத்து, எங்கள் மேசைக்கு மாடு வராது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

சித்திரைக் கடைசியில், சந்தைக்கு வந்த வேனிலேயே முட்டைக்கோஸ் பெட்டிகளோடு எங்களையும் ஏற்றிக்கொண்டு போனார். சாலையின் இரண்டு பக்கமும் மரங்கள் அப்போதுதான் துளிர்விட்டிருந்தன. நிழல் விழும் பள்ளங்களில் அழுக்குப் பனி இன்னும் கொஞ்சம் கிடந்தது. செண்பகம் பெட்டிகளைக் கையால் பிடித்துக்கொண்டே வந்தாள், வளைவில் சரியாமல். ஓபேர்ஜ் வந்து இறங்கியதும் முதலில் எங்களை வரவேற்றது பீர் வாசனை. நண்பகலிலேயே நாலு பேர் குடிக்கிற கூடத்தில் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். செண்பகம் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னங்க, எங்க கூட்டிட்டு வந்திருக்கீங்க? சாராயக்கடை மாதிரி இருக்கே."

"அது அந்தப் பக்கம். நாம இந்தப் பக்கம். கீழ சாப்பாடு, மேல ரூம். லாட்ஜ் மாதிரின்னு வச்சுக்க."

"லாட்ஜா? குடும்பத்துப் பொம்பளை லாட்ஜுக்கு வருவாளா? எங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா உங்கள என்ன நினைப்பாரு?"

"உங்க அண்ணன் இங்க வந்தா முதல்ல அந்தப் பக்கம்தான் போவாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே வந்தாள். பகலில் ஏரிக்கரையில் நடந்தோம். பனி உருகி நிறைந்த தண்ணீர், மீனைத் தவிர வேறு யாரும் தொடாதது போல இருந்தது. ஆறு மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் ஜன்னலோரம் மேசை போட்டிருந்தார்கள். சுவரில் மூஸ் என்கிற பெரிய மானின் தலை, கொம்போடு. "அது ஏன் நம்மளையே பாக்குது?" என்று கேட்டுச் செண்பகம் நாற்காலியைச் சற்றுத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

பரிமாறியது லூசியனின் மனைவி, மதாம் ஜெர்மேன். ஒல்லியான பெண்மணி. சமையலும் அவர்தான். மஞ்சள் பட்டாணி சூப் இரண்டு கிண்ணம் கொண்டுவந்து இருவர் முன்னாலும் ஒரே நேரத்தில் வைத்தார். அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. எங்களுக்குக் கல்யாணமாகி அத்தனை வருடத்தில் நானும் செண்பகமும் எதிரெதிரே உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட்டதே கிடையாது. நான் சாப்பிடுவேன், அவள் பரிமாறுவாள். நான் கை கழுவிய பிறகு அவள் சாப்பிடுவாள். மொன்ட்ரியாலில் இரண்டே பேர் இருக்கிற வீட்டிலும் அப்படித்தான். இது யாரும் போட்ட சட்டமில்லை. மூச்சு விடுவது போல நடந்துகொண்டிருந்தது. அந்த மேசையில் பரிமாற அவளுக்கு எதுவும் இல்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, நான் முடிப்பதற்காகக் காத்திருந்தாள்.

"நீ குடி, ஆறிடும்."

"நீங்க குடிங்க. நான் அப்புறம்."

அவள் குடிக்க வேண்டுமானால் நான் சீக்கிரம் முடிக்க வேண்டும். நாக்கு வெந்துபோகிற சூட்டில் மடமடவென்று விட்டேன். கிண்ணத்தைக் கீழே வைக்கவும் மதாம் ஜெர்மேன் வரவும் சரியாக இருந்தது. என் காலிக் கிண்ணத்தைப் பார்த்தார். தொடாமல் இருந்த செண்பகத்தின் கிண்ணத்தைப் பார்த்தார். மதாமுக்குப் பிடிக்கவில்லையா, வேறு கொண்டுவரவா என்று கேட்டார். அவர் முகம் வாடியிருப்பதைக் கண்டதும் எனக்குப் பதற்றம். என் வாயில் என்ன வரும்? வந்தது. "மெர்சி." உடனே இரண்டு கிண்ணமும் உள்ளே போய்விட்டன.

செண்பகம் போகிற கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க எடுத்துட்டுப் போறா?"

"நான் நன்றின்னு சொன்னேன்."

"நன்றி சொன்னா எடுத்துட்டா போவாங்க?"

"இங்க அப்படித்தான்."

"தெரிஞ்சேவா சொன்னீங்க?"

சமையல்கட்டுப் பக்கம் தணிந்த குரலில் ஏதோ பேச்சு. லூசியன் கதவு இடுக்கில் தலையை நீட்டி எங்களைப் பார்த்தார். மொசியோ சூப்பின் மனைவிக்கு சூப் பிடிக்கவில்லை என்று அவருக்கு மிகவும் வருத்தம். அடுத்து கோழி வந்தது, வறுத்த கோழி, உருளைக்கிழங்கு, காரட். அந்த காரட்டைப் போன வாரம் நானே தூக்கிக் கொடுத்திருப்பேன். திரும்பவும் இரண்டு தட்டு. திரும்பவும் செண்பகம் மடியில் கை. மதாம் ஜெர்மேன் இந்தத் தடவை போகவில்லை. கொஞ்ச தூரத்தில் துணியால் கண்ணாடிக் குவளையைத் துடைப்பது போல நின்றுகொண்டார்.

"செண்பகம், சாப்பிடு. அவங்க பாத்துட்டே இருக்காங்க."

"நாலு பேர் பாக்குறாங்கன்னுதான் சொல்றேன். உங்களுக்கு முன்னாடி நான் எப்படி வாய அசைப்பேன்?"

"அந்த மேசையப் பாரு."

பக்கத்து மேசையில் வயதான தம்பதி. அந்த அம்மாள் தன்னுடையதை முடித்துவிட்டுக் கணவர் தட்டிலிருந்து உருளைக்கிழங்கை முள்கரண்டியால் குத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் கண்டுகொள்ளவே இல்லை.

"அது அவங்க வழக்கம்" என்றாள் செண்பகம். "உங்களுக்கு அப்புறம் சாப்பிட்டே எனக்குப் பழகிப்போச்சு. இத்தனை வருஷமா நான் மாத்தினதில்ல."

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது. நான் வாயைத் திறந்து, நிறுத்தாமல் பேசினேன்.

"மாத்தினதில்லையா? நான் இங்க வந்ததுல இருந்து நீதான் முதல்ல சாப்பிட்டுட்டு இருந்தே. அங்கதான முதல்ல விடியுது. நீ மத்தியானம் சாப்பிட்டு ஏனம் கழுவி வைக்கும்போது இங்க எனக்குக் கோழிகூடக் கூவியிருக்காது. நீ சாப்பிட்டு முடிச்ச நாளைத்தான் நான் அப்புறம் எடுத்துப் போட்டுச் சாப்பிட்டேன். நீ இங்க வர்ற வரைக்கும் ஒருநாள் கூட உனக்கு முன்னாடி நான் சாப்பிட்டதில்ல."

செண்பகம் என்னைப் பார்த்தாள். மானைப் பார்த்தாள். அவள் மனசுக்குள் அங்கத்திய மணியையும் இங்கத்திய மணியையும் சேர்த்துப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது.

"வாயே திறக்காத மனுஷன், கனடாவுக்கு வந்து வக்கீல் மாதிரி பேசக் கத்துக்கிட்டீங்க" என்றாள்.

முள்கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டுக் கையாலேயே கோழியைப் பிய்த்தாள். நானும் கையை வைத்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மென்றோம். முதல் இரண்டு வாய் அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது, நிமிரவே இல்லை. பிறகு, "உப்பு பத்தல" என்றாள். அதைக் கேட்டபோதுதான் எனக்குச் சாப்பாடு உள்ளே இறங்கியது. பாதித் தட்டில் இருக்கும்போது மதாம் ஜெர்மேன் மெல்ல வந்து குனிந்தார். நான் வாயைத் திறந்தேன். "நீங்க பேசாதீங்க" என்று செண்பகம் என்னை அடக்கிவிட்டு, தட்டின் விளிம்பில் இடது கையை வைத்துக்கொண்டு மதாம் ஜெர்மேனிடம் சொன்னாள்.

"இருக்கட்டும்."

தமிழில்தான் சொன்னாள். மதாம் ஜெர்மேனுக்கு முழுக்க விளங்கியது. முகமெல்லாம் சிரிப்பாகி, உள்ளே போய் இன்னொரு துண்டு கோழி கொண்டுவந்து வைத்தார்.

சாப்பாட்டின் முடிவில் ரொட்டி போன்ற ஓர் இனிப்பும் காப்பியும் வந்தன. காப்பி கறுப்பு. மற்ற மேசைகளில் எல்லாம் சின்னப் பால் குவளை இருந்தது, எங்களுக்கு இல்லை. சாப்பாடு முழுக்க எங்கள் ரொட்டிக்கு வெண்ணெய் வராததையும் அப்போதுதான் கவனித்தேன். லூசியன் பக்கத்தில் வந்து பெருமையாக நின்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன், மாடு கிடையாது, பால் கிடையாது, வெண்ணெய் கிடையாது, ஒரு துளி கூட உங்கள் மேசைக்கு வரவிடவில்லை என்றார். நான் செண்பகத்திடம் அதைச் சொன்னேன். அவளுக்கு ஒரு நாளைப் பால் இல்லாத காப்பியோடு முடிப்பது என்பது முடியாத காரியம். குவளையைக் கையில் எடுத்தாள். எழுந்தாள். நான் தடுப்பதற்குள் சமையல்கட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பனிக்காலம் முழுவதும் என் கையைப் பிடிக்காமல் ஒரு படி இறங்காதவள்.

நான் பின்னாலேயே போய்க் கதவில் நின்றேன். செண்பகம் பால் கேனைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். மதாம் ஜெர்மேன் கேனை அணைத்துக்கொண்டு, "மே... வாஷ்! வாஷ்!" என்று எச்சரித்தார், ஆனால் இது மாடாயிற்றே என்று. செண்பகம், "ஆமா, பசு. பசுதான். குடுங்க" என்றாள். மதாம் ஜெர்மேன் உதவிக்கு என்னைப் பார்த்தார். என் பிரெஞ்சுக்கு அது பெரிய சோதனை. "வாஷ், மேர்" என்றேன். மாடு, அம்மா. பின்னால் நின்ற லூசியன் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு மனைவியிடம் விளக்கினார்: அம்மாவைச் சாப்பிட மாட்டார்கள், அம்மாவிடம் பால் குடிப்பார்கள், இதில் என்ன புரியவில்லை? அதற்குப் பிறகு கேன் செண்பகம் கைக்கு வந்தது.

பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தாள். பால் நுரைத்து ஏறியது. மதாம் ஜெர்மேன் பதறிப்போய் இறக்கக் கை நீட்டினார். செண்பகம் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "இருக்கட்டும், இருக்கட்டும்." பால் விளிம்புக்கு வந்து நின்ற கணத்தில் துணியால் பிடித்துத் தூக்கினாள். ஒரு சொட்டு வெளியே போகவில்லை. நாலு பேருக்கும் காப்பி ஆற்றினாள், ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்கு உயரத் தூக்கி ஊற்றி. மதாம் ஜெர்மேன் ஒரு வாய் குடித்துவிட்டு, தன் நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டார்.

அந்தச் சமையல்கட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் மதாம் ஜெர்மேன் செண்பகத்திடம் கேட்டார், வழக்கமாக எல்லோரிடமும் கேட்பது போல. "வூ ரெஸ்தே அ மொன்ட்ரியால்?" இங்கே உள்ளவர்கள் 'குடியிருப்பது' என்பதற்கு ரெஸ்தே என்ற சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள், சந்தையில் என்னிடமே எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தச் சொல்லுக்கு 'போகாமல் தங்கிவிடுவது' என்றும் அர்த்தம் உண்டு. நீங்கள் குடியிருப்பது மொன்ட்ரியாலிலா என்று அவர் கேட்டார். நீங்கள் மொன்ட்ரியாலில் தங்கிவிடுவீர்களா என்று என் காதில் விழுந்தது. பனிக்காலம் முழுவதும் என் வாய் வரை வந்து திரும்பிப் போன கேள்வி, முன்பின் தெரியாத ஒரு பெண்மணி வாயிலிருந்து இவ்வளவு சுலபமாக வந்துவிட்டது.

செண்பகம் என்னைப் பார்த்தாள். "என்ன கேக்குறாங்க?"

நான் எதைச் சொல்வேன்? நல்ல வேளை, எனக்குத் தமிழ் இருந்தது.

"மொன்ட்ரியால்ல இருக்கியான்னு கேக்குறாங்க."

நம் 'இரு' என்ற சொல்லும் அப்படித்தான். குடியிருப்பதற்கும் அதுதான், போகாமல் இருப்பதற்கும் அதுதான். நான் தந்திரம் ஏதும் செய்யவில்லை. கேட்டதை அப்படியே தமிழில் வைத்தேன். செண்பகம் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதற்குள் பார்த்தாள். காப்பியில் ஆடை படிய ஆரம்பித்திருந்தது. அவள் ஓரக்கண்ணால் என் முகத்தைப் படிக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது, அதனால் நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இருக்கேன்னு சொல்லுங்க" என்றாள்.

"உய்" என்றேன் மதாம் ஜெர்மேனிடம். மெர்சியை மறந்தே போனேன்.

எந்த இருக்கேன் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் காலை மதாம் ஜெர்மேன் முட்டையும் ரொட்டியும் வைத்துவிட்டு, வெண்ணெய்க் கிண்ணத்தைக் காட்டி, "இருக்கத்தும்?" என்று கேட்டார். செண்பகம், "இருக்கட்டும், இருக்கட்டும்" என்றாள். வண்டியில் ஏறும்போது இருவரும் ஒருவர் கையை ஒருவர் விடவில்லை. நான்கு பேரில் மொழி தெரியாதவர்கள் அவர்கள்தான். அதிகம் பேசியதும் அவர்கள்தான்.

வீட்டுக்கு வந்ததும் செண்பகம் புடவைகூட மாற்றாமல் நாற்காலியைப் போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்து அந்தப் புதுப் பாத்திரத்தை எடுத்தாள். காகிதத்தைப் பிரித்து, கழுவி, குங்குமம் வைத்து, அடுப்பில் பாலை ஊற்றினாள். ஏறட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். விளிம்பைத் தொட்டது. அவள் அசையவில்லை. பொங்கி வழிந்து அடுப்பெல்லாம் ஓடியது. வீடு முழுக்கப் பால் தீய்ந்த வாசனை.

"அங்கயும் காய்ச்சினியே, அப்ப ஏன் பொங்க விடல?" என்றேன்.

"அது அவங்க அடுப்பு. அங்க எதுக்கு நான் பொங்க விடணும்?"

அதற்கு மேல் எனக்கு எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மகளுக்குக் கடிதம் அவளே எழுதினாள். வைகாசி வந்தது, போனது. எங்கள் தெருவில் எல்லோரும் ஒலிம்பிக் பார்க்கப் போனார்கள். செண்பகம் இரும்புப் படியில் தனியாக இறங்கி, டெப்பனரில் பால் வாங்கி வந்தாள். டெப்பனர் என்றால் நம் பெட்டிக்கடை. சனிக்கிழமைகளில் லூசியன் என் தோளில் தட்டிவிட்டு, மதாம் இருக்கத்தும் எப்படி இருக்கிறாள் என்று கேட்பார். என் மனைவிக்கு இந்த ஊரில் அதுதான் பெயர்.

இப்போது நாங்கள் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம். ஆளுக்கொரு நாற்காலி, நடுவில் குழம்பு. எனக்குப் பரிமாறிவிட்டுத் தனக்கும் போட்டுக்கொண்டு உட்காருவாள். முதல் வாயை எடுப்பதற்கு முன் ஒருமுறை சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள். அங்கே மகள் எழுந்திருப்பாளா, இல்லையா என்று. பிறகு சாப்பிடுவாள்.

வருடா வருடம் பனி உருகியதும் அலமாரியைக் காலி செய்து புடவைகளுக்கு வெயில் காட்டுவது அவள் வழக்கம். பட்டுப்புடவை மடிப்பைப் பிரிக்கும்போது அந்த டிக்கெட் வெளியே வரும். அதன் தேதி போய் மூன்று வருடம் ஆகிறது. இனி அதைக் காட்டினால் எந்த விமானத்திலும் ஏற்றமாட்டார்கள். இந்த வசந்தத்தில் நானே அதைக் கையில் எடுத்து, "இது எதுக்கு இன்னும்?" என்று குப்பைக் கூடைப் பக்கம் திரும்பினேன். செண்பகம் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். ஓரம் மடங்கியிருந்ததை விரலால் நீவிவிட்டு, வெயில் காய்ந்த புடவை மடிப்பில் முன்பு இருந்த இடத்திலேயே வைத்தாள். அதன் மேல் இங்கே வாங்கிய கம்பளிச் சட்டையை மடித்து அடுக்கினாள்.

"இருக்கட்டும்" என்றாள்.